சீனச் சமூகம் பற்றிய முதல் மாநாடு: எங்கே தொடங்குவது, எப்படித் தயாராவது

இன்றைய சீனச் சமூகத்தை ஆராயத் தொடங்கும் மாணவர்கள் பலரும் முதல் அடியிலேயே பெரிய மாநாட்டைக் குறிவைக்கிறார்கள். இடம் கிடைத்தால் கடன் வாங்கிப் பறக்கிறார்கள். ஒரே நேரத்தில் பல அறைகளில் அமர்வுகள் நடக்கும் கட்டடத்தில், கடைசி நாள் காலை ஏழெட்டுப் பேர் முன்னால் பேசிவிட்டு, உருப்படியான ஒரு கேள்வியும் வாங்காமல் திரும்புகிறார்கள். கட்டுரை மோசம் என்பதால் இப்படி ஆவதில்லை. அந்தத் துறையில் யார் என்ன விவாதிக்கிறார்கள் என்று தெரியாமல் நுழைந்ததுதான் காரணம்.

வரிசை இப்படி இருப்பது நல்லது: முதலில் வாராந்திரச் சொற்பொழிவுகளைக் கேட்பது, அடுத்து மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசுவது, பிறகு நாட்டளவிலோ ஆசிய அளவிலோ ஒரு மாநாடு, கடைசியில் பெரியது. இதற்கு ஒன்றரை ஆண்டு ஆகலாம். வீண் போகாத ஒன்றரை ஆண்டு அது.

முதலில் காதைத் திறந்து வையுங்கள்

டெல்லியில் உள்ள சீன ஆய்வு நிறுவனம் நடத்தும் புதன்கிழமைக் கருத்தரங்கு இந்தியாவில் சீனாவைப் படிப்பவர்கள் அனைவருக்கும் பழக்கமான ஒன்று. 'சைனா ரிப்போர்ட்' ஆய்விதழும் அந்த வட்டத்திலிருந்து வருவதுதான். 1964 முதல் வெளிவருகிறது. சென்னையில் ஐ.ஐ.டி. மெட்ராஸின் சீன ஆய்வு மையமும், சென்னை சீன ஆய்வு மையமும் கூட்டங்கள் நடத்துகின்றன. பின்னதில் வெளியுறவு, பாதுகாப்புப் பேச்சே அதிகம். குடும்பம், உழைப்பு, கல்வி, கிராமம் என்று சமூகத்தைப் படிப்பவர்கள் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

வெளிநாட்டில் ஹார்வர்டின் ஃபேர்பேங்க் மையம், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சீன ஆய்வு மையம், லண்டனில் சோவாஸ் பல்கலைக்கழகத்தின் சீன நிறுவனம், கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் சீன மையம் ஆகியவை பருவம் முழுக்கச் சொற்பொழிவுகள் நடத்துகின்றன. பலவற்றை இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம்.

இங்கே முதலில் சறுக்குவது நேரக் கணக்கில்தான். பாஸ்டனில் நண்பகல் 12 மணி என்றால் கோடையில் நமக்கு இரவு 9.30, குளிர்காலத்தில் இரவு 10.30. லண்டனில் மாலை 5 மணிக்கும் இதே கணக்கு. ஆனால் இரு ஊர்களும் கடிகாரத்தை மாற்றும் நாள் வேறு வேறு. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். பிரிட்டனில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில்தான் பலர் ஒரு மணி நேரம் தாமதமாக உள்ளே வருகிறார்கள். சீனாவில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை. நாடு முழுக்க ஒரே நேரம். இந்திய, இலங்கை நேரத்தைவிட எப்போதும் இரண்டரை மணி நேரம் முன்னால்.

கேட்கும்போது உள்ளடக்கத்தை மட்டும் குறித்துக்கொள்வது போதாது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி மூன்று விஷயங்களை எழுதுங்கள்: பேச்சாளர் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டுத் தரவை எடுத்தார், அவையினர் கேட்ட முதல் மூன்று கேள்விகள் என்ன, பேச்சாளர் எந்தக் கேள்வியில் தடுமாறினார். பத்துப் பன்னிரண்டு கூட்டங்கள் கேட்டுவிட்டு அந்தப் பக்கங்களைப் புரட்டினால், திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் பிடிபடும். "இது சீனாவுக்கே உரியதா, அல்லது வேகமாக நகரமயமாகும் எந்த நாட்டிலும் நடக்குமா?", "அந்த மாவட்டத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?", "இந்தச் சொல்லைச் சீன மொழியில் எப்படிச் சொன்னார்கள்?" ஆகிய மூன்றும் அநேகமாக எல்லா அறையிலும் எழும். உங்கள் கட்டுரைக்கும் எழும்.

எந்தக் கூட்டம் யாருக்கு

இந்தியாவிலிருந்து தொடங்குபவர்களுக்கு முதல் பொருத்தம் அகில இந்திய சீன ஆய்வு மாநாடு. டெல்லி நிறுவனம் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வேறு வேறு ஊர்களில் நடத்துகிறது. மாணவர்களின் கட்டுரைகளுக்கு நிதானமாகக் கருத்துச் சொல்லும் இடம்.

அடுத்த படி ஆசிய அளவு. ஆசிய ஆய்வுச் சங்கம் 1941இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதன் ஆண்டு மாநாடு வட அமெரிக்காவில் மார்ச் வாக்கில் நடக்கும். 2014இல் சிங்கப்பூரில் தொடங்கி ஆசிய நகரங்களிலும் தனியாக ஒரு மாநாடு நடத்துகிறது. 2018இல் டெல்லியிலும் 2025இல் காத்மாண்டுவிலும் நடந்தது. தெற்காசிய மாணவருக்குச் செலவிலும் விசாவிலும் இது பெரிய ஆறுதல். நெதர்லாந்தின் லெய்டனில் வேர்கொண்ட ஆசிய அறிஞர்களின் பன்னாட்டு மாநாடும் இப்படி ஊர் மாறும். 2024இல் இந்தோனேசியாவின் சுராபாயாவில் கூடியது.

சீனா மட்டுமே பொருள் என்றால் ஐரோப்பிய சீன ஆய்வுச் சங்கத்தின் மாநாடு இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது. 2022இல் செக் நாட்டின் ஓலோமோட்ஸிலும் 2024இல் எஸ்டோனியாவின் தாலினிலும் கூடியது. பழைய இலக்கியம், தத்துவம், இன்றைய சமூகம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வரும். சமூகவியலே உங்கள் துறை என்றால் வட அமெரிக்கச் சீனச் சமூகவியலாளர் சங்கத்தின் கூட்டத்தைப் பாருங்கள். அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் ஆகஸ்ட் மாநாட்டை ஒட்டி நடப்பதால் ஒரே பயணத்தில் இரண்டிலும் கலந்துகொள்ளலாம். முறையியல் கேள்விகள் கூர்மையாக வரும். புள்ளியியல் தெரியாமல் போனால் திணற வேண்டியிருக்கும்.

சீனாவுக்குள், சீனச் சமூகவியல் சங்கம் ஆண்டுதோறும் மாநாடு நடத்துகிறது. 1952இல் பல்கலைக்கழகங்களிலிருந்து நீக்கப்பட்ட துறை 1979இல்தான் ஃபெய் சியாவோதோங் போன்றவர்களின் முயற்சியால் மீண்டும் எழுந்தது. அந்த மாநாட்டில் பேச்சு மொழி சீனம்தான். கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது மொழி வந்த பிறகு போவது நல்லது.

பெயரே தெரியாத மாநாட்டிலிருந்து உங்கள் கட்டுரையைப் புகழ்ந்து மின்னஞ்சல் வந்தால் ஒதுங்கிவிடுங்கள். பொறியியல், மருத்துவம், சமூக அறிவியல் மூன்றும் ஒரே ஓட்டலில் இரண்டே நாளில் நடக்கும். சுருக்கம் அனுப்பிய 48 மணி நேரத்தில் ஏற்பு வரும். கட்டுரை வெளியிடத் தனிக் கட்டணம் கேட்பார்கள். தேர்வுக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று எங்கும் இருக்காது. இந்த நான்கில் இரண்டு இருந்தாலே பணத்தை அனுப்பாதீர்கள்.

நாட்காட்டியைப் பின்னாலிருந்து எழுதுங்கள்

பெரிய மாநாடுகளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு மாதம் முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும். மார்ச் மாநாட்டுக்கு முந்தைய ஆண்டின் கோடையிலேயே சுருக்கம் போக வேண்டும். அதனால் மாநாட்டு நாளிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். அதற்கு மூன்று வாரம் முன்பு முழுக் கட்டுரை கருத்துரையாளர் கையில், அதாவது கட்டுரைகளைப் படித்து அமர்வில் கருத்துச் சொல்பவர் கையில். மூன்று மாதம் முன்பு விசா. ஐந்தாறு மாதம் முன்பு பயண நிதி விண்ணப்பம். பத்து மாதம் முன்பு சுருக்கம். ஒரு வருடம் முன்பு அமர்வுக்கு ஆள் சேர்ப்பது.

ஆள் சேர்ப்பது என்றதும் புதியவர்கள் தயங்குகிறார்கள். தனிக் கட்டுரையாக அனுப்பினால் அமைப்பாளர்கள் உங்களை ஏதோ ஓர் அமர்வில் பொருத்துவார்கள். சீன முதியோர் இல்லம் பற்றிய கட்டுரை, தைவான் சினிமா பற்றிய கட்டுரைக்குப் பக்கத்தில் போய் உட்காரலாம். நீங்களே அமர்வு கட்டினால் ஏற்கப்படும் வாய்ப்பும் கூடும், அறையில் சரியான ஆட்களும் இருப்பார்கள். மூன்று நான்கு கட்டுரைகள், ஓர் அமர்வுத் தலைவர், ஒரு கருத்துரையாளர்: இவ்வளவுதான் தேவை. நால்வரும் ஒரே பல்கலைக்கழகத்தினராக இருந்தால் தேர்வுக் குழு தள்ளிவிடும். குறைந்தது மூன்று நிறுவனங்களாவது இருக்கட்டும். மாணவரும் ஆசிரியரும் கலந்து இருக்கட்டும். வாராந்திரச் சொற்பொழிவில் நல்ல கேள்வி கேட்டவருக்கு ஐந்து வரியில் எழுதிக் கேளுங்கள். உங்கள் சுருக்கத்தையும் இணைத்து அனுப்புங்கள். கருத்துரையாளராகப் பெரிய பெயரைத் தேடி அலைய வேண்டாம். அண்மையில் பட்டம் முடித்த ஒருவர் கட்டுரையை முழுதாகப் படிப்பார், அது போதும்.

சுருக்கம்: நாட்டை எழுதாதீர்கள், ஊரை எழுதுங்கள்

பெரும்பாலான மாநாடுகள் 200 முதல் 300 ஆங்கிலச் சொற்களில் சுருக்கம் கேட்கும். நிராகரிக்கப்படும் சுருக்கம் இப்படி இருக்கும்:

"சீனாவில் இடம்பெயர்ந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் கல்வியில் பல சவால்களைச் சந்திக்கிறார்கள். இக்கட்டுரை அச்சவால்களை ஆராய்ந்து தீர்வுகளை முன்வைக்கிறது."

இதில் ஊர் இல்லை, ஆண்டு இல்லை, எதைப் படித்து எழுதினார் என்பது இல்லை. இதையே இப்படி மாற்றலாம்:

"குவாங்டோங் மாகாணத்தின் டோங்குவான் நகரில், வெளியூர்த் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் தரப் புள்ளி முறை இருக்கிறது. பெற்றோரின் படிப்பு, சமூகக் காப்பீடு கட்டிய காலம், வீடு போன்றவற்றுக்குப் புள்ளிகள். நகர நிர்வாகம் ஆண்டுதோறும் வெளியிட்ட விதிகளை ஒப்பிட்டு, எந்தத் தகுதிக்கு எடை கூடியது, எதற்குக் குறைந்தது, அதனால் வரிசையில் முன்னால் வந்தவர் யார் என்பதைக் காட்டுகிறேன்."

இரண்டாவதில் இடம், சான்று, கேள்வி மூன்றும் இருக்கின்றன. நீங்கள் ஆராயும் ஊர் வேறாக இருக்கலாம், அமைப்பு இதுதான். முதல் இரண்டு வாக்கியத்தில் இடமும் புதிரும். அடுத்து, இதுவரை எழுதியவர்கள் எதைப் பார்க்கவில்லை என்பது ஒரு வாக்கியத்தில். பிறகு சான்று: எத்தனை ஆவணம், எத்தனை நேர்காணல், எந்த மாதங்களில். கடைசியில் உங்கள் வாதம். "ஆராயப்படும்", "விவாதிக்கப்படும்" என்று முடிக்காதீர்கள். முடிவு இன்னும் உறுதியாகவில்லை என்றாலும் கையில் இருப்பதைச் சொல்லுங்கள். மாநாட்டுக்குள் அது மாறினால் யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை.

சீனாவுக்குப் போய்க் களப்பணி செய்ய முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ரென்மின் பல்கலைக்கழகத்தின் சீனப் பொதுச் சமூக ஆய்வு 2003இல் தொடங்கியது. பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் குடும்ப ஆய்வு 2010இலிருந்து அதே குடும்பங்களைத் தொடர்கிறது. பதிவு செய்து தரவைப் பெறலாம். கட்டுரைத் தரவுத்தளமான சி.என்.கே.ஐ. மட்டும் சிக்கலாகிவிட்டது. 2023 ஏப்ரல் முதல் ஆய்வேடுகள், மாநாட்டுத் தொகுப்புகள், புள்ளிவிவர ஆண்டுநூல்கள் போன்ற பகுதிகளை வெளிநாட்டு நூலகங்களுக்குத் தடுத்திருக்கிறது. பழைய ஆண்டுநூல்களுக்கு ஹாங்காங்கின் சீனப் பல்கலைக்கழக நூலகத்தை நாடலாம். 1963இல் தொடங்கிய பல்கலைக்கழகச் சேவை மையம் 2021இல் மாற்றியமைக்கப்பட்டபோது அதன் சேகரிப்பு அங்கேதான் போய்ச் சேர்ந்தது.

எண்ணும் சொல்லும்: தலைகுனிய வைக்கும் இடம்

இதில் சற்று நின்று பார்க்க வேண்டும். புதியவர்களின் கட்டுரைகள் சரிவது அதிகமும் இங்கேதான்.

"சீனாவில் இடம்பெயர்ந்தோர் எத்தனை பேர்?" என்று கேட்டால் 2020ஆம் ஆண்டுக்கு மட்டும் மூன்று எண்கள் இருக்கின்றன. மூன்றும் அரசு வெளியிட்டவை, மூன்றும் சரியானவை. ஒருவரை ஓர் ஊரோடு இணைக்கும் அரசின் குடும்பப் பதிவு ஓர் இடத்திலும் வாழ்க்கை வேறிடத்திலும் உள்ளவர்கள் 49.28 கோடி. அதில் ஒரே நகரத்துக்குள் பேட்டை மாறியவர்கள் சுமார் 11.7 கோடி. அவர்களைக் கழித்தால் கிடைப்பது 'லியூதோங் ரென்கோ' எனப்படும் நடமாடும் மக்கள்தொகை: 37.58 கோடி. மூன்றாவது எண் 28.56 கோடி, இது 'நோங்மின்கோங்'. கிராமப் பதிவு வைத்துக்கொண்டு ஆறு மாதத்துக்கு மேல் விவசாயம் அல்லாத வேலை பார்ப்பவர்கள். இந்த 28.56 கோடியிலும் சுமார் 11.6 கோடிப் பேர் சொந்த ஊர்ப் பகுதியிலேயே வேலை செய்பவர்கள். ஊரைவிட்டுப் போனவர்கள் கிட்டத்தட்ட 17 கோடிதான்.

ஆக, ஒரு ஸ்லைடில் "இடம்பெயர்ந்த தொழிலாளர் 37.6 கோடி" என்று எழுதினால் அது பிழை. அந்தக் கணக்கில் ஷாங்காயில் மென்பொருள் வேலை பார்க்கும் வேறு மாகாணத்துப் பட்டதாரியும் உண்டு, பேரனைப் பார்க்க வந்து தங்கிவிட்ட பாட்டியும் உண்டு. அவையில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் விட மாட்டார். எந்த எண்ணைப் போட்டாலும் அதன் சீனப் பெயர், ஆண்டு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பா அல்லது தொழிலாளர் கண்காணிப்பு ஆய்வா என்பதை ஸ்லைடின் அடியில் சிறியதாக எழுதிவிடுங்கள்.

சொற்களிலும் இதே கவனம் வேண்டும். 'நோங்மின்கோங்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் விவசாயி-தொழிலாளி என்று வரும். ஷென்ஜெனில் பதினைந்து ஆண்டாகச் செல்போன் பாகம் பொருத்தும் பெண்ணுக்கு வயல் வேலையே தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் ஆவணத்தில் அவர் அந்தப் பெயருக்குள்தான் வருகிறார். அந்தப் பெயர் அவரைப் பற்றிச் சொல்வதைவிட 1958இல் உறுதியான ஹுகோ எனும் குடும்பப் பதிவு முறையைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. இப்படிப்பட்ட சொற்களை முதல் தடவை சீன ஒலியோடு சொல்லி, ஒரு வாக்கியத்தில் விளக்கிவிட்டு, பிறகு நீங்கள் தேர்ந்த மொழிபெயர்ப்பைக் கடைசி வரை மாற்றாமல் பயன்படுத்துங்கள். 'நெய்ஜுவென்' (பலனில்லாமல் இறுகும் போட்டி), 'தாங்பிங்' (போட்டியை விட்டுப் படுத்துக்கிடப்பது) போன்ற இணையச் சொற்களைத் தலைப்பில் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். யார், எப்போது, எந்தத் தளத்தில் சொன்னார்கள் என்று காட்ட முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பெயர்களிலும் கவனம். சீனத்தில் குடும்பப் பெயர் முன்னால் வரும். ஃபெய் சியாவோதோங்கில் ஃபெய்தான் குடும்பப் பெயர். வெளிநாட்டில் வேலை பார்க்கும் சீன அறிஞர்கள் பலர் இதை மாற்றி எழுதுவார்கள். கருத்துரையாளரின் பெயரைத் தவறாகச் சொல்லித் தொடங்கினால் அந்தக் கூச்சம் பேச்சு முடியும் வரை போகாது. முந்தின நாளே அவரிடம் கேட்டுவிடலாம். ரோமன் எழுத்தில் எக்ஸில் தொடங்கும் பெயர் நம் 'ஷி'க்கு நெருக்கம். க்யூவில் தொடங்குவது 'ச்சி'. சி மட்டும் தனியே வந்தால் 'ட்ஸ'.

பணமும் விசாவும்

பதிவுக் கட்டணம், சங்க உறுப்பினர் கட்டணம், விமானம், விசா, காப்பீடு, தங்குமிடம், உணவு என்று ஏழு வரியில் பட்ஜெட் எழுதுங்கள். பேசுபவர்கள் உறுப்பினராக வேண்டும் என்று பல சங்கங்கள் கேட்கும். அதை மறந்துவிட்டுக் கடைசி நேரத்தில் திண்டாடுவார்கள். மாணவர் கட்டணமும் வருமானம் குறைந்த நாட்டவருக்கான கட்டணமும் தனியாக இருக்கும். இல்லையென்றால் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இந்தியாவில் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். எனும் இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் வெளிநாட்டு மாநாட்டுக்குப் பயண உதவி தருகிறது. அதற்கு ஏற்புக் கடிதம், சுருக்கம், துறைத் தலைவரின் பரிந்துரை எல்லாம் வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். பணம் பல நேரம் போய் வந்த பிறகு ரசீது காட்டினால்தான் வரும். விமானத்தில் ஏறும்போது தரும் போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள்.

ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குள் இருந்தால் ஏற்க மாட்டார்கள். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், சிக்கலான விண்ணப்பத்துக்கு 45 நாள் வரை ஆகும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. அமெரிக்காவுக்கு பி-1 விசா. நேர்காணல் தேதிக்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதால், ஏற்புக் கடிதம் வந்த அன்றே தேதி தேடுங்கள்.

சீனாவில் நடக்கும் கல்விக் கூட்டத்துக்குப் பொருத்தமானது எஃப் வகை விசா. அழைப்புக் கடிதத்தில் உங்கள் பெயர், கடவுச்சீட்டு எண், வரும் நோக்கம், நாட்கள், செலவை யார் ஏற்பது ஆகியவை இருக்க வேண்டும். கடவுச்சீட்டில் உள்ள பெயரும் கடிதத்தில் உள்ள பெயரும் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. தகப்பனார் பெயரை இனிஷியலாகப் போடும் நமக்கு இதுதான் தலைவலி. அமைப்பாளருக்குக் கடவுச்சீட்டின் படத்தையே அனுப்பி, அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

பதினைந்து நிமிடம்

ஓர் அமர்வு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஒருவருக்குக் கிடைப்பது 15 நிமிடம், சில இடங்களில் 12. நிதானமாகப் பேசினால் ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 120 சொற்கள் போகும். ஆக 1,800 சொற்கள். நீங்கள் எழுதி வைத்திருப்பது 8,000. அந்த 8,000த்தை வேகமாகப் படித்து முடிக்க முயல்வதுதான் புதியவர்களின் பெருந்தவறு. பேச்சுக்கெனத் தனியாக எழுதுங்கள்: புதிருக்கு இரண்டு நிமிடம், பிறர் சொன்னதற்கு ஒரு நிமிடம் மட்டும், ஊரும் சான்றும் இரண்டு, கண்டுபிடிப்புக்கு எட்டு, எஞ்சியது மூச்சு விட. தலைவர் "இரண்டு நிமிடம்" என்ற அட்டையைக் காட்டும்போது நீங்கள் இன்னும் பின்னணியில் நின்றால் மிக முக்கியமானது சொல்லப்படாமலே போகும்.

ஸ்லைடு பத்துக்கு மேல் வேண்டாம். சீன எழுத்து உள்ள ஸ்லைடு அரங்கக் கணினியில் வெறும் கட்டங்களாக மாறுவது அடிக்கடி நடக்கிறது. அந்த எழுத்துரு அங்கே இருக்காது. பவர்பாயிண்ட் கோப்போடு பி.டி.எஃப். ஒன்றும் வைத்திருங்கள். இரண்டையும் பென் டிரைவிலும் மின்னஞ்சலிலும் வையுங்கள். மக்கள் சீனத்து ஆவணம் என்றால் எளிய எழுத்து, தைவான் ஆவணம் என்றால் மரபெழுத்து. ஒன்றை மற்றொன்றாக மாற்றி மேற்கோள் காட்டாதீர்கள். ஆவணத்தின் ஒரு பக்கத்தைப் படமாகக் காட்டி, அதில் ஒரு வரியைக் கோடிட்டு விளக்கினால் அறை விழித்துக்கொள்ளும். பட்டியல்கள் நிறைந்த ஸ்லைடு அதைச் செய்யாது.

கேள்வி நேரத்தில் காகிதமும் பேனாவும் கையில் இருக்கட்டும். கேள்வியையும் கேட்டவர் பெயரையும் எழுதுங்கள். மூன்று கேள்வி சேர்த்து வந்தால், முழுதாகப் பதில் தெரிந்ததை முதலில் சொல்லுங்கள். தெரியாததற்கு, அதைத் தெரிந்துகொள்ள எந்தத் தரவைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் போதும். "நீங்கள் சீனரல்ல, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்வியும், "இந்தியாவோடு ஒப்பிட்டீர்களா?" என்ற கேள்வியும் நிச்சயம் வரும். முன்னதற்குச் சான்றைக் காட்டுங்கள். பின்னதற்கு, ஒப்பிடவில்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். நின்ற இடத்தில் ஒப்பீடு கட்டினால் அடுத்த கேள்வியிலேயே அது உடையும்.

சீனாவுக்குப் போகும்போது

கூகுள், ஜிமெயில், வாட்ஸ்அப் ஆகியவை அங்கே சாதாரணமாகத் திறக்காது. கட்டுரை, ஸ்லைடு, அழைப்புக் கடிதம், ஓட்டல் முகவரி எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே கணினியில் இறக்கிவிடுங்கள். முகவரி சீன எழுத்திலும் இருக்கட்டும், டாக்சி ஓட்டுநருக்குக் காட்ட. அங்கே செய்தி அனுப்ப எல்லோரும் பயன்படுத்தும் வீசாட் செயலியில் கணக்கை ஊரிலேயே தொடங்குங்கள். புதுக் கணக்கை ஏற்கெனவே பயன்படுத்தும் ஒருவர் உறுதிப்படுத்த வேண்டியிருக்கும். பணம் செலுத்தும் அலிபே செயலியில் வெளிநாட்டு அட்டையை இணைத்து ஊரிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். இணையக் கூட்டம் என்றால் டென்சென்ட் மீட்டிங். வெளிநாட்டினருக்கு அதன் வூவ் மீட்டிங் வடிவம்.

முகவரி அட்டையை இரு கையாலும் கொடுப்பதும் வாங்குவதும் மரியாதை. வாங்கியதும் படித்துப் பார்க்காமல் பையில் திணிக்கக் கூடாது. பெயரோடு 'லாவ்ஷி', அதாவது ஆசிரியர் என்று சேர்த்து அழைத்தால் தவறே வராது. உணவு மேசையில்தான் பாதி உரையாடல் நடக்கும். அறைக்குத் திரும்பி மின்னஞ்சல் பார்ப்பதை அன்றைக்குத் தள்ளி வையுங்கள்.

பிறருடைய பாதுகாப்பு உங்கள் கையில்

சீனாவில் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் 2021இல் நடைமுறைக்கு வந்தன. திருத்தப்பட்ட உளவு எதிர்ப்புச் சட்டம் 2023 ஜூலை 1 முதல். நேர்காணல் தந்தவரின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. சிறிய ஊர், வேலை, வயது, பிள்ளைகள் எண்ணிக்கை நான்கையும் சேர்த்துச் சொன்னால் அவர் யார் என்று அவ்வூரில் உள்ள யாருக்கும் தெரிந்துவிடும். இரண்டை மங்கலாக்குங்கள். உண்மைப் பெயரையும் மாற்றுப் பெயரையும் இணைக்கும் அடையாளச் சாவிப் பட்டியலையும் ஒலிப்பதிவையும் மாநாட்டுக்குக் கொண்டுபோகும் மடிக்கணினியில் வைக்கவே வேண்டாம்.

அமர்வில் சீனாவிலிருந்து வந்த மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி ஏதாவது சொன்னால், அதைப் படம் பிடித்துச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். உங்களுக்கு அது பத்து விருப்பக்குறி. அவருக்கு ஊரில் விளக்கம் சொல்ல வேண்டிய விஷயமாகலாம். சாத்தம் ஹவுஸ் விதி என்று தலைவர் அறிவித்தால், கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம். யார் சொன்னார், எந்த நிறுவனம் என்பதை வெளியே சொல்லக் கூடாது. அறிவிக்காத இடத்திலும் கேட்டுவிட்டே மேற்கோள் காட்டுங்கள்.

திரும்பிய பிறகு

மூன்று நாளுக்குள் எழுதுங்கள். கேள்வி கேட்டவருக்கு, அவர் கேட்ட கேள்வியையே முதல் வரியில் வைத்து, "இதை இப்படி யோசிக்கிறேன்" என்று நான்கைந்து வரி. கருத்துரையாளரின் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் போனால் அவருக்கே நினைவிருக்காது. அமர்வின் நான்கு கட்டுரைகளும் ஒன்றோடொன்று பேசினால் ஆய்விதழ் ஒன்றுக்குச் சிறப்பிதழாக முன்மொழியலாம். தனியாக அனுப்புவதென்றால் 'சைனா ரிப்போர்ட்', ஹாங்காங்கிலிருந்து வரும் 'சைனா பெர்ஸ்பெக்டிவ்ஸ்' இரண்டும் தொடக்கத்துக்கு நல்ல இடங்கள். 1960 முதல் வரும் 'தி சைனா குவார்ட்டர்லி'யில் மறுப்பு வந்தாலும் மதிப்பீட்டாளர் குறிப்பு கிடைத்தால் கட்டுரை மேம்படும்.

அனுப்பும் முன், கேள்வி எழுதிய அந்தக் காகிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு கட்டுரையை முதல் பக்கத்திலிருந்து திருத்துங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பக்கத்திலேயே எண்ணைக் குறியுங்கள். எண் விழாத கேள்வி மிச்சமிருந்தால் கட்டுரையை இன்னும் அனுப்பாதீர்கள்.